கைநடுக்கத்துக்கு மாத்திரை, கையில் மூணு நம்பர் சீட்டு

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 58 வயது அம்மா ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 64. ஊரில் இன்றும் 'பெரிய வாத்தியார்'தான். ஐந்து வருடங்களுக்கு முன் வலது தோளில் வலி ஆரம்பித்திருக்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி, எலும்பு மருத்துவரிடம் காட்டி, கடைசியில் கையும் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. நரம்பியல் மருத்துவர் லெவோடோபா-கார்பிடோபாவும் ரசாஜிலினும் கொடுத்தார். மூன்று வருடங்களுக்கு முன் பிராமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சேர்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இப்போது ஒரு நாளைக்கு 3 மி.கி. நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. சைக்கிள்கூட ஓட்டுகிறாராம்.

ஆனால் வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். பணம் வைத்து ஆடும் ஆப்களை 2025-இல் மத்திய அரசு தடை செய்ததும் மூணு நம்பர் லாட்டரிக்குப் போய்விட்டார். ஓய்வூதியம் மாதத்தின் முதல் வாரத்திலேயே காலி. மனைவியின் நகை அடகில். ஏழு மா நிலத்தில் நான்கு மாவை யாருக்கும் சொல்லாமல் ஒத்திக்கு விட்டிருக்கிறார். நள்ளிரவில் எழுந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுகிறார். 'இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது, இந்த வயதில் ராத்திரியானால் ஓயாத தொந்தரவு' என்று ஒரு வரி.

சிங்கப்பூரில் இருக்கும் மகன், 'மறுவாழ்வு மையத்தில் தள்ளு' என்கிறார். அம்மாவின் தம்பி, 'அவங்க அப்பாவும் சீட்டாடி, ரத்தம் எங்கே போகும்' என்கிறார். தெரிந்தவர் ஒருவர், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டுப் பூனைக்காலிச் சூரணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்பது இரண்டு: அவருக்குத் தெரியாமல் மாத்திரையைக் குறைத்துவிடலாமா? மனநிலை சரியில்லை என்று சான்றிதழ் வாங்கினால் மிச்ச நிலத்தைக் காப்பாற்ற முடியுமா?

அம்மா, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் 'வேண்டாம்' என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிராமிபெக்சோல் எப்போது சேர்ந்தது, எப்போது கூடியது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ரம்மி எப்போது ஆரம்பித்தது என்று வேறோரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாத்திரை 1.5 மி.கி. ஆனபோது ரம்மி. 3 மி.கி. ஆன பிறகு நகை, நிலம், ரேடியோ, ராத்திரித் தொந்தரவு.

பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வரிசையைப் படிக்கும் எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் அந்த மாத்திரையின் மேல்தான் சந்தேகம் போகும். இது அபூர்வமான விஷயமும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு ஆய்வு வெளியானது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைப் போல வேலை செய்யும் இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேரிடம் அடக்க முடியாத பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது: சூதாட்டம், தேவையில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பது, கட்டுக்கடங்காத தீனி, மிதமிஞ்சிய பாலியல் வேட்கை. இந்த மாத்திரை சாப்பிடாத நோயாளிகளில் அது ஏழு பேர் அளவில்தான் இருந்தது. பிரான்சில் இதே இனத்தைச் சேர்ந்த ரோபினிரோல் என்ற மருந்தால் சூதாடிக் குடும்பத்தைக் கடனில் தள்ளிய ஒருவருக்கு, 2012-இல் நீதிமன்றம் இழப்பீடே வாங்கிக் கொடுத்தது.

மருந்தோடு வரும் துண்டுத்தாளில் இந்த எச்சரிக்கை இருக்கும். ஆனால் நம் ஊர் மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். துண்டுத்தாளை யார் பார்த்தது? 'புதுசா சூதாட்டம், செலவு, வேறு ஏதாவது ஆசை உண்டா?' என்று ஒவ்வொரு முறையும் மருத்துவர்தான் கேட்க வேண்டும். நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் நடுக்கம் குறைந்ததா என்று கேட்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. இது எங்கள் பக்கத்துக் குறைதான், உங்களுடையது இல்லை.

கைக்குப் போக வேண்டியது எங்கே போனது

டோபமினை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். பாதிக்கு மேல் தப்பு. அது சந்தோஷத்தைவிட ஆசைக்கும் எதிர்பார்ப்புக்கும் உடலை அசைப்பதற்கும் நெருக்கமான ரசாயனம். 1957-இல் ஸ்வீடனில் அர்வித் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மருந்து; அந்தக் காலத்தில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்ததுதான். முயல்கள் அசையாமல் மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டன. டோபமினாக மாறக்கூடிய லெவோடோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து ஓடின. மூன்று வருடம் கழித்து வியன்னாவில், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டுக்காரரின் முதல் மாத்திரை அந்த முயல்களின் வழியாக வந்ததுதான். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், இந்த நோயில் டோபமின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வற்றுவதில்லை. கை, கால் அசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்குத்தான் முதலில் குறைகிறது. ஆசை, ஆர்வம், 'இன்னும் ஒரு தடவை' என்ற உந்துதல், இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு ஆரம்ப ஆண்டுகளில் ஓரளவு வந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்கு நான் வேறெப்படிச் சொல்ல? கடைமடை காய்கிறது என்று மேட்டூரில் கூடுதலாகத் திறந்துவிடுகிறார்கள். முத்துப்பேட்டைப் பக்கத்து வயல் நனைவதற்குள் தலைமடையில் நட்ட பயிர் மூழ்கிவிடுகிறது. கையின் நடுக்கத்துக்குப் போதுமான அளவு, ஆசைக்கான பகுதிக்கு வெள்ளம். அதோடு பிராமிபெக்சோல் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் டி3 என்ற வகை, அந்த ஆசைப் பகுதியில்தான் அதிகம். லெவோடோபாவைவிட இந்த இன மாத்திரைகளில் இந்தத் தொல்லை கூடுதலாக வருவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

வாத்தியார் எப்போதாவது ஜெயித்தபோது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? பெரிய சந்தோஷம் எதுவும் தெரிந்திருக்காது. ஜெயித்த பணத்தையும் அன்றைக்கே கட்டியிருப்பார். விருப்பம் வேறு, இன்பம் வேறு. இரண்டும் மூளையில் ஒரே பாதையில் ஓடுவதில்லை. எதிர்பாராமல் கிடைப்பதற்குத்தான் டோபமின் நரம்புகள் அதிகம் துள்ளும். வருமா வராதா என்ற நிச்சயமின்மையே ஒரு தூண்டுதல். மூன்று நம்பரில் இரண்டு விழுந்து ஒன்று தவறினால், மற்றவர்களுக்கு அது தோல்வி. சூதில் மாட்டிய மூளை அதைப் 'பக்கத்தில் வந்துவிட்டோம்' என்று எடுத்துக்கொள்கிறது. ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவதும் இந்த வரிசையில் வருவதுதான். பலன் ஏதுமில்லாத ஒரே வேலையை மணிக்கணக்கில் செய்வதைப் பார்க்கின்சன் மருந்துகளின் விளைவாக நரம்பியல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அதனால் ரேடியோ விஷயத்தையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய தடயம்.

அப்படியானால் குற்றம் மாத்திரையுடையதா, அவருடையதா?

உங்கள் தம்பி சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் சூதாடுவதில்லை. ஆண்கள், கொஞ்சம் சீக்கிரமே நோய் வந்தவர்கள், தனக்கோ குடும்பத்துக்கோ சூது அல்லது குடிப் பழக்கம் இருந்தவர்கள், இவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாமனாரின் சீட்டாட்டத்துக்கு இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அந்த 'ரத்தம்' அறுபது வருடம் சும்மா இருந்துவிட்டு, மாத்திரை அளவு கூடிய மாதத்தில் மட்டும் எழுந்ததென்றால், ரத்தத்தை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

அதே சமயம், 'எல்லாம் மாத்திரை செய்தது, நீ மறந்துவிடு' என்று உங்களிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை ஒத்திக்கு விட்டது உந்துதல். அதை ஒரு வருடம் மறைத்தது உங்களுக்கு வலித்த இடம். மாத்திரை குறைந்து அவர் தெளிந்த பிறகு அந்த வலியைப் பற்றி அவரிடம் பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இப்போது, வெள்ளத்துக்கு நடுவில், அதைப் பேசிப் பயனில்லை. அவரும் உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருப்பார். இப்படி வருகிற நோயாளிகளில் பலர் 'ஏன் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை டாக்டர்' என்றுதான் சொல்வார்கள்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்

இதில் நான் கறாராக இருக்கிறேன். பிராமிபெக்சோலைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குப் பதற்றம், பீதி, கடும் மனச்சோர்வு, வியர்வை, உடம்பெல்லாம் வலி, அந்த மாத்திரையே வேண்டும் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்து வரும். லெவோடோபாவைக் கூடுதலாகக் கொடுத்தாலும் அது அடங்காது. இந்தப் பழக்கங்களில் மாட்டியவர்களுக்குத்தான் அந்த ஆபத்தும் அதிகம். தற்கொலை எண்ணம்கூட வரலாம். மாத்திரையை மாற்றி எடுத்து லெவோடோபாவை நிறுத்திவிட்டாலோ இன்னும் மோசம்: உடல் கட்டையாக இறுகி, கடும் காய்ச்சல் வந்து, நினைவு தடுமாறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் ரகசியமாகக் குறைத்தீர்கள் என்றால், நடுக்கம் கூடியதைப் பார்த்து மருத்துவர், 'நோய் முற்றுகிறது' என்று அளவை மேலும் ஏற்றிவிடுவார்.

பூனைக்காலி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னவரைக் கேலி செய்ய மாட்டேன், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. 1937-இலேயே தாமோதரன், ராமசாமி என்ற நம் ஆய்வாளர்கள் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பயப்படுகிறேன். ஏற்கெனவே லெவோடோபா சாப்பிடுகிறவருக்கு அளவு தெரியாமல் மேலும் லெவோடோபா. விதைக்கு விதை, கடைக்குக் கடை அளவு மாறும். வாந்தி, தலைசுற்றி விழுதல், தானாக உடல் நெளிதல், இல்லாதது கண்ணுக்குத் தெரிதல் எல்லாம் வரலாம். சூது ஆசையும் கூடலாம். சித்த மருத்துவரிடம் போவதாக இருந்தால், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். நரம்பியல் மருத்துவருக்கும் தெரியட்டும். சூரணத்தை டீயில் கலந்து கொடுக்கும் வேலை வேண்டாம்.

மறுவாழ்வு மையம் ஏன் கூடாது

மகன் தூரத்தில் இருந்து பதறுகிறார், புரிகிறது. ஆனால் பார்க்கின்சன் நோயாளியை, அந்த நோயைப் பற்றித் தெரியாத இடத்தில் விடுவது பெரிய ஆபத்து. இரவில் எழுந்து கத்தினார், பணம் கேட்டு அடம் பிடித்தார் என்று ஹாலோபெரிடால் ஊசி ஒன்று போட்டால் போதும். அது டோபமினின் வழியை அடைக்கும் மருந்து. மறுநாள் காலை அவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்க மாட்டார். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவையும் அவருக்கு ஆகாது. நோய்க்கு ஒத்துக்கொள்ளும் மருந்துகள் தனியே இருக்கின்றன. அவற்றை மருத்துவர் பார்த்துத் தருவார்.

ஊசி மட்டுமில்லை. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைட், தலைசுற்றலுக்குச் சர்வசாதாரணமாக எழுதிக் கொடுக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின், இவையும் அதே வழியை அடைப்பவை. உள்ளூர் கிளினிக்கில் காய்ச்சல், வாந்தி என்று போனாலும் 'பார்க்கின்சன் இருக்கு' என்று முதலில் சொல்லிவிடுங்கள். இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதி அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டாக வைத்தால் நல்லது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவரை, அவர் விருப்பத்துக்கு மாறாக, குடும்பத்தார் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் அடைத்து வைக்க முடியாது. அதற்கென்று மருத்துவப் பரிசோதனையும் நிபந்தனைகளும் உண்டு. பதிவு இல்லாத மையம் எதற்கும் அந்த அதிகாரம் கிடையாது.

மருத்துவர் என்ன செய்வார்

பெரும்பாலும் பிராமிபெக்சோலைச் சில வாரங்களோ மாதங்களோ எடுத்துப் படிப்படியாக இறக்குவார். அந்த இடத்தை லெவோடோபாவால் ஈடுசெய்யப் பார்ப்பார். பலருக்குச் சூது ஆசை இதிலேயே அடங்கிவிடுகிறது; சிலருக்கு முழுசாக அடங்காமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு மனநல ஆலோசனை வழியாகப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சை உதவுகிறது. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்ப்பதுதான் சரி.

ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுக்கம் ஓரளவு திரும்பலாம். சைக்கிள் ஓட்டுவது நின்றுபோகலாம். 'இந்த மாத்திரைதான் என்னை நடக்க வைத்தது, அதைப் பிடுங்குகிறீர்கள்' என்று அவர் கோபப்படுவார். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கையா, நிலமா என்று ஒரேயடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைக் கண்டுபிடிக்க மருத்துவருக்குச் சில முறை பிடிக்கும். அந்த மாதங்களில் மனம் சோர்ந்து போகிறதா என்று கவனமாகப் பாருங்கள். பார்க்கின்சனில் மனச்சோர்வு நோயின் ஒரு பகுதியாகவே வரும். 'கவலையில் இருக்கார்' என்று விட்டுவிடக் கூடாது.

தோள்வலிக்கு வாங்கும் அந்த மாத்திரை

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: தோள்வலி தாங்காதபோது மருந்துக்கடையில் 'வலிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று வாங்கிக் கொடுப்பதாக. அது என்ன மாத்திரை என்று இன்றைக்கே பாருங்கள். டிரமடால் என்று இருந்தால் கொடுக்காதீர்கள். அவர் சாப்பிடும் ரசாஜிலின், மூளையின் ரசாயனங்களைக் கரைக்கும் ஒரு நொதியைத் தடுக்கும் மருந்து. டிரமடால் வலியைக் குறைப்பதோடு செரடோனின் என்ற ரசாயனத்தையும் ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம், வலிப்பு என்று போகலாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் கலந்த இருமல் சிரப்பும் ரசாஜிலினோடு கூடாது. டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுப்பது கடைக்காரருக்கும் தப்பு.

அந்தத் தோள்வலியே நோயின் முதல் அடையாளமாக இருந்திருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். தசை இறுகுவதால் வருகிற வலி அது. லெவோடோபாவின் வேலை முடியும் நேரத்தில் வலி கூடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதற்கு மருந்து வலி மாத்திரை இல்லை, லெவோடோபாவின் நேரத்தை மாற்றுவது. மூளைக்கு உடம்பின் வலியைத் தானே அடக்கும் ஏற்பாடு உண்டு. அதில் டோபமினுக்கும் பங்கு இருக்கிறது. டோபமின் குறைந்த உடம்புக்குச் சின்ன வலியும் பெரிதாகத் தெரிவது அதனால்தான். 'சும்மா நடிக்கிறார்' என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் கூச்சப்பட்டு எழுதிய அந்த வரி

அதுவும் இதே மாத்திரையின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கிழவனுக்குப் புத்தி கெட்டதாகவோ, உங்கள் மேல் மரியாதை போனதாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் காரணம் மருந்து என்பதால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தனி அறையில் படுத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் தாழ்ப்பாளும் போடுங்கள். மருத்துவரிடம் வாயால் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். பல பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பேரப்பிள்ளைகளும் வேலைக்கு வரும் பெண்ணும் வீட்டில் இருந்தால் கொஞ்ச காலத்துக்கு அவர்களைத் தனியாக அவருடன் விடாதீர்கள். இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட முடியாது.

நிலமும் கடனும்

சான்றிதழ் யோசனையை விட்டுவிடுங்கள். மனநோய் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பதால் மட்டும் ஒருவர் சட்டப்படி சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் வாத்தியார் பொருந்த மாட்டார். கணக்கும் ஊர் விவகாரமும் பேசுகிற மனிதர். அப்படி ஒரு முத்திரை குத்தினால் நாளைக்கு அவர் தெளிந்த பிறகும் அது அவரைத் துரத்தும்.

இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. அவர் சம்மதத்தோடு ஓய்வூதியக் கணக்கில் ஏ.டி.எம். அட்டையை நீங்கள் வைத்துக்கொள்வது, தினசரி எடுக்கும் தொகைக்கு வரம்பு போடச் சொல்வது, போனில் பணம் அனுப்பும் வசதியை நிறுத்துவது. பத்திரம், பட்டா, சிட்டா நகல்களை மகள் வீட்டில் வைப்பது. மிச்சமுள்ள மூன்று மாவை அவர் மனமுவந்து உங்கள் பெயருக்கோ கூட்டாகவோ மாற்றுவதென்றால், மருந்து சரியாகி மனம் தெளிந்த பிறகு செய்யட்டும். இப்போது எழுதி வாங்கினால் நாளைக்கு அதையும் கேள்வி கேட்கலாம்.

மூணு நம்பர் சீட்டு விற்கிறவர் 'பாக்கி' கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பந்தயப் பணத்தை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. பயந்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒத்தியும் நகைக்கடனும் வேறு விஷயம். அவற்றை வக்கீலிடம்தான் காட்ட வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அவரிடம் எப்படிப் பேசுவது

மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு இலகுவாக இருக்கும் வேளையில் பேசுங்கள். மகனும் உங்கள் தம்பியும் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து வைக்க வேண்டாம். 'நீங்க ஏன் இப்படிப் பண்றீங்க' என்று ஆரம்பிக்காமல், 'இந்த மாத்திரைக்கு இப்படி ஒரு விளைவு இருக்காம், நம்ம டாக்டர்கிட்ட கேப்போமா' என்று ஆரம்பியுங்கள். ஆசிரியராக இருந்தவர். காரண காரியத்தோடு சொன்னால் கேட்பார் என்று நம்புகிறேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். இடப்பக்கம், எந்த மாதம் எந்த மாத்திரை எவ்வளவு. பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்தால் கிடைக்கும். வலப்பக்கம், ரம்மி, லாட்டரி, ரேடியோ, இரவு விழிப்பு ஒவ்வொன்றும் ஆரம்பித்த மாதம். 'அவருக்குக் குணம் மாறிவிட்டது' என்று சொன்னால் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். அந்த நோட்டை மேசையில் வைத்தால் எந்த மருத்துவரும் கடந்து போக மாட்டார். அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான் என்றால் காத்திருக்காதீர்கள். மருந்தின் பக்கவிளைவு என்று சொல்லி இந்த வாரமே நேரம் கேளுங்கள்.

இடையில் அவர் 'செத்துப் போறேன்' என்று பேசினாலோ, நீங்களே தாங்க முடியாமல் போனாலோ, டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கடும் காய்ச்சலோடு உடல் இறுகினாலோ, வலிப்பு வந்தாலோ, ஆளைத் தெரியாமல் உளறினாலோ அங்கே அழைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராக 108. மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வண்டியில் கூடவே எடுத்துப் போங்கள்.